கோதுமையின் முதல் முப்பது நாட்கள்

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் ஒன்றுக்கு நடுவராக இருக்கும்படி என்னை அழைத்திருந்தார்கள். ‘நாட்டை வாழ வைப்பவை பழைய நாட்டு விதைகளே! புதிய வீரிய விதைகளே!’ என்பது தலைப்பு. மாணவர்கள் இரு அணியாகப் பிரிந்து வெளுத்து வாங்கினார்கள். ‘தாத்தா காலத்து விதையே அமுதம்’ என்றது ஓர் அணி. ‘கப்பலில் வந்த கோதுமைக்குக் கையேந்திய காலத்தை மறந்தீர்களா?’ என்றது மற்றோர் அணி. கைதட்டலுக்குக் குறைவில்லை. தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது எனக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. ஒரு மணி நேரம் பேசிய எட்டுப் பேரில் ஒருவர்கூட எதையும் அளந்ததாகச் சொல்லவில்லை. அதைத்தான் தீர்ப்பாகச் சொல்லிவிட்டு அமர்ந்தேன்.

விழா முடிந்ததும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். “அப்படியானால் எதை அளக்க வேண்டும், சார்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அன்று நேரமில்லாமல் அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். நான் இயற்பியல் கற்பிப்பவன். வேளாண்மை அறிஞன் அல்லன். ஆனால் அளப்பது என்பது எங்கள் தொழில். கோதுமை என்னும் ஒரே ஒரு பயிரையும், அதன் வாழ்வில் முதல் முப்பது நாட்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

குட்டைக் கோதுமை வந்த கதை

பழைய கோதுமை ரகங்கள் உயரமானவை. நல்ல மண்ணில் ஓர் ஆளின் மார்பளவுக்கு வளரும். அவற்றுக்கு நைட்ரஜன் உரத்தைத் தாராளமாக இட்டால் கதிர் பருக்கும். தண்டு இன்னும் நீளும். பிறகு ஒரு காற்றடித்தால் பயிர் முழுவதும் தரையில் சாய்ந்துவிடும். காரணம் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. காற்றின் விசையை அது செயற்படும் உயரத்தால் பெருக்கினால் அடித்தண்டின்மீது விழும் திருப்புத்திறன் கிடைக்கும். உயரம் கூடினால் அதுவும் கூடும். ஆகவே, உரத்தை ஏற்றுக்கொண்டும் சாயாமல் நிற்க வேண்டுமானால் தண்டு குட்டையாக இருக்க வேண்டும்.

இந்தக் குட்டைத்தன்மை ஜப்பானிலிருந்து வந்தது. 1935இல் அங்கே ‘நோரின் 10’ என்னும் குட்டை ரகம் வெளியிடப்பட்டது. 1946இல் சால்மன் என்னும் அமெரிக்க வேளாண் அறிஞர் அதன் விதைகளைத் தம் நாட்டுக்கு அனுப்பினார். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகெல் அதை அமெரிக்க ரகங்களுடன் கலந்தார். அவரிடமிருந்து பெற்ற விதைகளைக் கொண்டு நார்மன் போர்லாக் மெக்சிகோவில் புதிய ரகங்களை உருவாக்கினார். 1966இல் அத்தகைய மெக்சிகோ விதைகளை 18,000 டன் அளவுக்கு இந்தியா இறக்குமதி செய்தது. அப்போது மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் சி. சுப்பிரமணியம், அறிவியல் பணிக்கு முன்னின்றவர் எம். எஸ். சுவாமிநாதன். 1964-65இல் சுமார் 120 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் கோதுமை விளைச்சல், 1970-71இல் சுமார் 238 லட்சம் டன்னாயிற்று. ஆறே ஆண்டுகளில் ஏறக்குறைய இரட்டிப்பு! போர்லாக்குக்கு 1970இல் அமைதிக்கான நோபெல் பரிசு கிடைத்ததில் வியப்பில்லை.

இதுவரை புதிய விதை அணிக்கு வெற்றி. ஆனால் கதை இங்கே முடியவில்லை.

விடாத பிரேக்

செடி வளரும்போது அதன் உயிரணுக்களை நீளச் செய்யும் ஒரு வளர்ச்சிப்பொருள் உண்டு. அதற்கு ஜிப்பரெல்லின் என்று பெயர். உயிரணுவுக்குள் வளர்ச்சியைத் தடுக்கும் ஒருவகைப் புரதம் பிரேக் போலச் செயற்படுகிறது. ஜிப்பரெல்லின் வந்தவுடன் அந்த பிரேக் விடுபடும், உயிரணு நீளும். நோரின் 10இலிருந்து வந்த இரண்டு குட்டை ஜீன்கள் இந்தப் பிரேக் புரதத்தைச் சற்றே மாற்றிவிடுகின்றன. ஜிப்பரெல்லின் எவ்வளவு வந்தாலும் பிரேக் சரியாக விடுபடுவதில்லை. இந்த உண்மை 1999இல்தான் தெளிவாகத் தெரிய வந்தது.

பிரேக் தண்டில் மட்டும் இருந்தால் நல்லது. ஆனால் இந்த இரண்டு ஜீன்களும் செடியின் உடம்பு முழுவதிலும், அது முளைத்த நாள் முதலே வேலை செய்கின்றன. எனவே முதல் இலைகளும் சிறுத்துவிடுகின்றன. முளைக்குருத்து உறையும் குட்டையாகிவிடுகிறது. புல்லினச் செடிகளில் இளங்குருத்தைப் பாதுகாத்து மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் மெல்லிய குழாய்தான் முளைக்குருத்து உறை. உயரமான பல பழைய ரகங்களில் இது பத்து சென்டிமீட்டருக்கும் மேல் நீளும். நோரின் 10 வழிவந்த ரகங்களில் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர்தான். மண் சூடாக இருந்தால் இன்னும் குறையும்.

உறையின் நீளத்தைவிட ஆழமாக விதைத்துவிட்டால் என்ன ஆகும்? உறை மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அதிலிருந்து வெளிவரும் மெல்லிய இலை மண்ணைத் துளைக்க வலுவின்றி மடங்கிச் சுருண்டு மடியும். வட இந்திய உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோதுமையை ஈரம் இருக்கும் ஆழத்தில் விதைத்து வந்தவர்கள். 1960களில் குட்டை ரகங்கள் வந்தபோது, ‘ஐந்து சென்டிமீட்டருக்குமேல் ஆழம் கூடாது’ என்று அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதாயிற்று. விதையின் உள்ளே நடந்த ஒரு மாற்றம் உழவரின் கைப்பழக்கத்தையே மாற்றச் சொன்னது.

பாசன நீர் தாராளமாகக் கிடைக்கும் பஞ்சாபில் இது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. மழையை மட்டும் நம்பிய நிலங்களில்தான் கணக்கு உறைத்தது.

கூட்டு வட்டி

இளஞ்செடியின் வளர்ச்சி வங்கியில் போட்ட பணம் போன்றது. இலை ஒளியைப் பிடிக்கிறது. பிடித்த ஒளியால் புதிய இலை உண்டாகிறது. அதுவும் ஒளியைப் பிடிக்கிறது. வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி வருகிறது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு செடிகளின் இலைப்பரப்பும் நாளுக்குப் பத்து விழுக்காடு கூடுவதாக வைத்துக்கொள்வோம். முதற்செடி 2 சதுர சென்டிமீட்டர் இலையுடனும், இரண்டாவது செடி 3 சதுர சென்டிமீட்டர் இலையுடனும் தொடங்கட்டும். 28 நாட்களுக்குப் பின் முதற்செடியில் சுமார் 29 சதுர சென்டிமீட்டர் இருக்கும். இரண்டாவதில் சுமார் 43. விகிதம் மாறவில்லை, இன்னும் ஒன்றரை மடங்குதான். ஆனால் தொடக்கத்தில் 1 சதுர சென்டிமீட்டராக இருந்த வேறுபாடு இப்போது 14 ஆகிவிட்டது. இரண்டாவது செடியை எட்டிப் பிடிக்க முதற்செடிக்கு நான்கு நாட்களுக்கும் மேல் வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு செடிகளுக்கும் வட்டி விகிதம் ஒன்றே, அசல்தான் வேறு. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1990களில் வாற்கோதுமை எனப்படும் பார்லியையும் கோதுமையையும் ஒப்பிட்டபோது கண்டதும் ஏறத்தாழ இதுவே. பார்லி கோதுமையைக் காட்டிலும் முந்தி நிலத்தை மூடிவிடும். அதற்கு முக்கியக் காரணங்கள், விதைக்குள் இருக்கும் கரு பெரியதாக இருப்பதும், அதே எடைப் பொருளைக் கொண்டு இலையை மெல்லியதாகவும் பரந்ததாகவும் விரிப்பதுமே என்று தெரிந்தது. அஃதாவது, பந்தயத்தின் முடிவு பெருமளவு தொடக்கக் கோட்டிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

மண்ணிலிருந்து தப்பும் நீர்

‘நான்கு நாள் பிந்தினால் என்ன? அறுவடைக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே!’ என்று கேட்கலாம். அதற்கு விடை மண்ணின் மேற்பரப்பில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் கோதுமைக்கு மழை குளிர்காலத்தில் வரும். கதிர் முற்றும் காலம் வறண்டு போகும். விதைத்த முதல் வாரங்களில் மண் ஈரமாக இருக்கும். அதை மூட இலை இருக்காது. அப்போது வெயில் நேராக ஈரமண்ணில் விழுகிறது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 24.5 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு கிலோகிராம் நீர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஒரு நாளில் ஈரமண்ணின்மீது சதுர மீட்டருக்கு 49 லட்சம் ஜூல் ஆற்றல் ஆவியாதலுக்குச் செலவானால், 2 மில்லிமீட்டர் மழை அன்றே பறந்துவிடும். அந்த நீரால் ஒரு மணிகூட விளையாது.

இலை குறுக்கே நின்றால் என்ன ஆகும்? ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டர் இலை இருந்தால், ஏறக்குறைய 40 விழுக்காடு ஒளியை அது தடுத்துக்கொள்ளும். இரண்டு சதுர மீட்டர் இலையானால் 63 விழுக்காடு. மூன்றானால் 78 விழுக்காடு. முதல் ஒரு மீட்டர் இலைக்குக் கிடைக்கும் பலன் பின்னால் வரும் மூன்றாம் மீட்டருக்குக் கிடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகவேதான் முதல் இலைகள் விரைந்து வருவது அவ்வளவு முக்கியம். மேலும், குளிர்காலத்தில் காற்று ஈரமாக இருக்கும். இலைத்துளைகள் வழியே வெளியேறும் ஒவ்வொரு துளி நீருக்கும் அப்போது செடி கூடுதலான கரியமில வாயுவை உள்ளே இழுத்துக்கொள்ள முடியும். அதே நீரைக் கோடையில் செலவிட்டால் இவ்வளவு பலன் கிடைக்காது.

இதன் மதிப்பு எவ்வளவு? தென் ஆஸ்திரேலியாவில் பல வயல்களை ஆராய்ந்து, ஃபிரெஞ்ச், ஷூல்ட்ஸ் என்னும் இருவர் 1984இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். பருவத்தில் கிடைக்கும் நீரில் சுமார் 110 மில்லிமீட்டர் விளைச்சலுக்கு உதவாமல் மண்ணிலிருந்தே போய்விடுகிறது. மீதியுள்ள ஒவ்வொரு மில்லிமீட்டரும், எல்லாம் சரியாக அமைந்தால், ஹெக்டேருக்கு 20 கிலோகிராம் கோதுமை தரும். இலை விரைந்து மூடுவதால் 15 மில்லிமீட்டரை மீட்டுக் கதிருக்குக் கொடுக்க முடிந்தால், உச்ச அளவில் ஹெக்டேருக்கு 300 கிலோகிராம்! ஒரு பைசா உரச்செலவு கிடையாது.

களையின் கதையும் இத்தகையதே. நிலத்தை முதலில் மூடுபவனுக்கே ஒளி. கோதுமை மெதுவாக வந்தால் இடையில் களை புகுந்துகொள்ளும். ஹரியானாவில் கோதுமை வயல்களில் ‘குல்லி டண்டா’ என்று உழவர்கள் அழைக்கும் ஒரு புல் உண்டு. அதைக் கொல்லப் பயன்படுத்தி வந்த களைக்கொல்லிக்கு அது 1990களின் தொடக்கத்தில் அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டது. மருந்துக்கு அடங்காத களையை நிழலால் அடக்க முடியுமானால், அது உழவருக்கு எவ்வளவு பெரிய உதவி!

சல்லடை

இழந்ததை எப்படி மீட்பது? உயரக் கோதுமைக்கே திரும்புவதா? அப்படிச் செய்தால் மீண்டும் பயிர் சாயும், விளைச்சல் வீழும். குட்டைத் தண்டும் வேண்டும். பெரிய முதல் இலையும் வேண்டும். இரண்டும் ஒரே செடியில் சேர வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் திறந்தன. முதலாவது, நோரின் 10இன் பிரேக்கை விட்டுவிட்டு வேறு குட்டை ஜீன்களைத் தேடுவது. ‘அகாகோமுகி’ என்னும் ஜப்பானியப் பழைய ரகத்தில் அத்தகைய ஜீன் ஒன்று இருந்தது. இத்தாலியில் நசரேனோ ஸ்ட்ராம்பெல்லி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைப் பயன்படுத்திக் குட்டை ரகங்களை உருவாக்கியிருந்தார். இந்த ஜீன் தண்டைக் குட்டையாக்கினாலும் முளைக்குருத்து உறையை அவ்வளவாகக் குறைப்பதில்லை. கதிர்வீச்சால் விதையில் மாற்றம் உண்டாக்கிப் பெற்ற வேறு சில குட்டை ஜீன்களும் இவ்வாறே உதவுகின்றன.

இரண்டாவது வழி, இலை விரைந்து விரியும் தன்மை எந்தெந்த விதைகளில் ஒளிந்திருக்கிறது என்று உலகக் கோதுமைகளையெல்லாம் சலித்துப் பார்ப்பது. கான்பராவில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் ஆஸ்திரேலிய தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தில் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸ், கிரெக் ரெபெட்ஸ்கி ஆகியோர் இந்தப் பணியைப் பல ஆண்டுகள் நடத்தினார்கள். அவர்கள் கையிலிருந்த முக்கியமான கருவி எது தெரியுமா? அளவுகோல்! முதல் சில இலைகளின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தார்கள். அவற்றுள் இலையின் அகலம் அளக்க எளிது. தாயிடமிருந்து சந்ததிக்கு நம்பகமாக இறங்குவது. பல நாடுகளிலிருந்து வந்த வேகமான ரகங்களைக் கலந்து, பிறந்தவற்றுள் அகலமான இலையுள்ளவற்றைப் பொறுக்கி, அவற்றை மீண்டும் தமக்குள் கலந்து, இப்படிச் சுற்றுக்குப் பின் சுற்றாகச் செய்தார்கள். சுற்றுக்குச் சுற்று இலைப்பரப்பும் இளஞ்செடியின் எடையும் ஏறிக்கொண்டே போயின. தனித்தனி ரகங்களில் சிதறிக் கிடந்த நல்ல ஜீன்கள் ஓரிடத்தில் குவிந்தன.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறதே என்று எண்ண வேண்டா. சலிப்பவரை ஏமாற்றும் பொறிகள் பல. தலையாய பொறி விதையின் எடை. நல்ல உரமும் நீரும் பெற்ற தாய்ச்செடியின் விதை கொழுத்திருக்கும். அதிலிருந்து வரும் நாற்றும் பெரிதாக இருக்கும். அது பரம்பரைத் திறமை அன்று. தாய் கட்டிக்கொடுத்த சோறு. எனவே ஒப்பிடும் விதைகளையெல்லாம் ஒரே வயலில் ஒரே பருவத்தில் விளைவித்து, ஒரே எடையுள்ள மணிகளாகப் பொறுக்கி, ஒரே ஆழத்தில் ஊன்ற வேண்டும். வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பல முறை திரும்பச் செய்ய வேண்டும். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் ‘மற்றவை மாறாதிருக்க ஒன்றை மட்டும் மாற்று’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

இந்தத் தேடலின் பலன் இப்போது தெரியத் தொடங்கியிருக்கிறது. நீண்ட உறையுள்ள கோதுமைகளை ஆழ விதைத்தால் ஆஸ்திரேலியாவின் சராசரி விளைச்சல் 18 முதல் 20 விழுக்காடு வரை கூடலாம் என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது. இது கணினி போட்ட கணக்கே. வயல் அதை உறுதி செய்ய வேண்டும். ஆயினும் பழைய விதையைச் சலித்தவர்கள் வீணாகச் சலிக்கவில்லை என்று சொல்ல இது போதும்.

பழையதெல்லாம் பொன்னா?

இப்போது பழைய விதை அணியினர் எழுந்து கைதட்ட வேண்டா. எல்லா நாட்டு ரகங்களும் வேகமாக வளர்பவை அல்ல. வேகமாக வளர்பவற்றிலும் பல சாயும். பல துருநோய்க்கு இரையாகும். பலவற்றின் விளைச்சல் மிகக் குறைவு. உழவர் ஒருவர் அவற்றை அப்படியே விதைத்தால் நட்டமே மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. இளம்பருவ வேகம் எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. மத்திய இந்தியாவில் மழைக்காலம் முடிந்த பின், மண்ணில் தேங்கிய ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமை விதைக்கும் பகுதிகள் உள்ளன. அங்கே பயிருக்குக் கிடைத்த நீர் குடத்தில் அளந்து வைத்த நீர் போன்றது. பேரிலை விரித்து முதல் மாதத்திலேயே அதைக் குடித்துத் தீர்த்தால், பால் பிடிக்கும் நேரத்தில் கதிர் வற்றிவிடும். அங்கே நிதானமாக வளரும் பயிரே கெட்டிக்காரப் பயிர். ஆக, ‘வேகம் நல்லதா?’ என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. நீர் எப்போது வருகிறது, எப்போது தீர்கிறது என்று கேட்ட பிறகே விடை சொல்ல முடியும்.

இதுவே என் கருத்தின் மையம். ‘பழையது’, ‘புதியது’ என்பவை வயதைக் குறிக்கும் சொற்கள். தரத்தைக் குறிக்கும் சொற்கள் அல்ல. ஒரு விதைக்குள் நூறு குணங்கள் இருக்கின்றன. குட்டைக் கோதுமையை உருவாக்கியவர்கள் தண்டின் உயரத்தையும் விளைச்சலையும் அளந்தார்கள். அவற்றில் வெற்றி கண்டார்கள். முதல் மாத இலையை அவர்கள் அளக்கவில்லை. அது குறைந்தது பின்னால்தான் உறைத்தது. அவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பசித்த நாட்டுக்கு அன்று எது அவசரமோ அதை அளந்தார்கள். ஆனால் அளக்காத குணம் நம் கண்ணெதிரிலேயே கைநழுவிப் போகும் என்னும் பாடத்தை நாம் மறக்கலாகாது.

பெட்டகமும் அளவுகோலும்

1920களிலும் 1930களிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் வாட்கின்ஸ் என்னும் தாவரவியலார் 32 நாடுகளின் நாட்டுக் கோதுமைகளைத் திரட்டினார். உழவர்களின் வயல்களிலும் சந்தைகளிலும் கிடைத்தவை அவை. இந்தியக் கோதுமைகளும் அவற்றுள் உண்டு. எஞ்சிய 827 வகைகள் இன்று இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் ஜீன்களை முழுமையாகப் படித்து 2024இல் முடிவு வெளியிட்டார்கள். அந்தப் பழைய கோதுமைகள் ஏழு பெரும் வம்சங்களாகப் பிரிகின்றன; இன்றைய கோதுமைகள் அவற்றுள் இரண்டிலிருந்து மட்டுமே வந்தவை என்று தெரிந்தது. அந்த ஐந்து வம்சங்களிலும் என்னென்ன குணங்கள் உறங்குகின்றனவோ! ஒருவர் திரட்டி ஏறக்குறைய நூறாண்டு கழித்தே அவற்றின் மதிப்பு வெளிப்பட்டது.

நம் நாட்டிலும் டில்லியில் தேசிய விதைப் பெட்டகம் இருக்கிறது. அங்குள்ள 19,460 கோதுமை வகைகளைத் துருநோய் தாங்குமா என்று சலித்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவுகள் வெளியாயின. அந்த ஆய்வின் முதற்கட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நம் நீலகிரி மலையிலுள்ள வெலிங்டனில்! குளிரும் ஈரமும் நிறைந்த அந்த மலையில் துருநோய் தானாகவே பரவும். நோய்ச் சோதனைக்கு அதைவிட நல்ல இடம் அரிது. கோதுமை அதிகம் விளையாத தமிழ்நாடு, நாட்டின் கோதுமைக்கே சல்லடையாக உதவியது. துருநோய்க்குச் செய்த இந்தப் பெரும்பணியை முதல் மாத வளர்ச்சிக்கும், உறையின் நீளத்துக்கும், வேரின் ஆழத்துக்கும் முழுமையாகச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

விதைப் பெட்டகம் கட்டுவதற்குப் பணம் கிடைக்கும். திறப்பு விழா நடக்கும். நாளேட்டில் படமும் வரும். பல்லாயிரம் தொட்டிகளில் நாற்று விட்டு, குனிந்து உட்கார்ந்து, இலையின் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டிருப்பவரை யார் படம் எடுக்கப் போகிறார்கள்? ஆனால் அந்த ஏடு இல்லாவிட்டால் பெட்டகம் என்பது பெயர் எழுதாத மருந்துப் புட்டிகள் அடுக்கிய அலமாரிதான். உள்ளே உயிர் காக்கும் மருந்து இருக்கலாம்; அவசரத்துக்கு எதை எடுப்பது?

பெட்டகமே போனாலோ சொல்ல வேண்டியதில்லை. சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே வறண்ட நிலப் பயிர்களின் பெரிய விதைப் பெட்டகம் ஒன்று இருந்தது. உள்நாட்டுப் போரால் விஞ்ஞானிகள் அதைவிட்டு வெளியேற நேர்ந்தது. நல்லவேளையாக, வடதுருவத்துக்கு அருகே நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் உள்ள பனிப் பெட்டகத்துக்கு முன்பே நகல் விதைகளை அனுப்பி வைத்திருந்தார்கள். 2015இல் அவற்றைத் திரும்பப் பெற்று லெபனானிலும் மொராக்கோவிலும் மீண்டும் விளைவித்தார்கள். இழந்த விதையை எந்த ஆய்வுக்கூடமும் புதிதாகப் படைத்துத் தர இயலாது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

அந்த மாணவிக்கு ஒரு வேலை கொடுத்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். மளிகைக் கடையில் நூறு கிராம் முழுக் கோதுமை வாங்குங்கள். அதில் மிகப் பெரிய மணிகள் ஐம்பதும், மிகச் சிறிய மணிகள் ஐம்பதும் பொறுக்குங்கள். பள்ளித் தராசில் இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே மண்ணில், மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், தனித்தனித் தட்டுகளில் விதையுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நீர், ஒரே வெயில். நாள்தோறும் தட்டுகளை இடம் மாற்றி வையுங்கள். பன்னிரண்டாம் நாள் ஒவ்வொரு நாற்றின் இரண்டாம் இலையையும் அளந்து, நீளத்தை அகலத்தால் பெருக்கி, 0.8ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ இலையின் பரப்பு கிடைக்கும். சராசரியைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள்.

இன்னும் பத்து மணிகளை ஈரமான தாளில் சுருட்டி, இருட்டான பெட்டியில் பத்து நாள் வையுங்கள். பிறகு முளைக்குருத்து உறையின் நீளத்தை அளந்து பாருங்கள். உங்கள் கோதுமையை எவ்வளவு ஆழத்தில் விதைக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அந்த மாணவி இரண்டு மாதம் கழித்து என்னிடம் ஓர் ஏட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பெரிய மணியின் நாற்றுகளே சராசரியில் பெரியவை. ஆனால் சிறிய மணியிலிருந்து வந்த இரண்டு நாற்றுகள் பெரியவற்றையும் மிஞ்சியிருந்தன. “இவை இரண்டும் ஏன் இப்படி, சார்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். ஆழம் சற்றுக் குறைந்திருக்கலாம். கடைக் கோதுமையில் வேறு ரகம் கலந்திருக்கலாம். கரு பெரியதாக இருந்திருக்கலாம். அந்த இரண்டையும் தனியே நட்டு, கதிர் வரும்வரை வளர்த்து, அவற்றின் விதையை மறுபடி விதைத்துப் பார்க்கும்படி சொன்னேன். அவள் வீட்டு மாடியில் இப்போது இரண்டு தொட்டிகள் இருக்கின்றன.

அடுத்த பட்டிமன்றத்தில் அவளை எந்த அணியில் சேர்ப்பார்களோ தெரியாது. எந்த அணியில் பேசினாலும் கையில் ஓர் ஏட்டோடுதான் மேடையேறுவாள் என்று நம்புகிறேன்.